நெடுந்தீவுக்கு ஒருநாள் பயணம்: தீவுக்குப் பாரமில்லாமல் போய்வருவது எப்படி?

கேள்வி நல்லது. இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துக்கு அருகே கடலில் உள்ள நெடுந்தீவில் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீர்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பித்தான் கிணறுகள். உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகிவிடும். தீவில் இந்தச் சிக்கல் இன்னும் கூட. ஆகவே கடலில் குளித்துவிட்டுக் கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்து குளிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

குடிதண்ணீரைப் போத்தலில் கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தீவில் காட்டுக்குதிரைகள் திரிகின்றன, அவற்றைத் துரத்திப் படமெடுக்காதீர்கள். முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளில் ஏறவும் வேண்டாம், சாந்தில்லாமல் அடுக்கியவை அவை. சாப்பாடு? அங்கேயே வாங்குங்கள். தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறையில், திரும்பிவரும் கடைசிப் படகு நேரத்தை மட்டும் முதலே கேட்டுவிடுங்கள்.