டையோடு புரியவில்லை என்பதற்காகப் பிரிவை மாற்ற வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

பாலிடெக்னிக்கில் படிக்கும் உங்கள் மகனைப் பற்றிச் சனிக்கிழமை நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எலக்ட்ரானிக்ஸ்ல அரியர் விழுந்துடுச்சு, வேற பிரிவுக்கு மாத்திடலாமா சார்?" அன்று அவசரத்தில் சொன்ன பதில் போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன். இப்போது மாற்ற வேண்டாம்.

நீங்கள் போன் பேச வெளியே போன நேரத்தில் தம்பியிடம் டையோடு என்றால் என்ன என்று கேட்டேன். ஆங்கிலத்தில் நாலு வரி மனப்பாடமாக வந்தது. அதில் ஒரு சொல்லுக்கும் அவனுக்குப் பொருள் தெரியவில்லை. சரி என்று, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சிறு உறுப்பான டையோடில் 4007 என்ற வகை ஒன்றையும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரையும் கையில் கொடுத்தேன். மிளகைவிடச் சற்றே நீண்ட கறுப்பு உருளை, ஒரு முனையில் வெள்ளிக் கோடு. கோட்டுப் பக்கம் கறுப்பு ஒயர், மறுபக்கம் சிவப்பு ஒயர் வைத்தான். மீட்டரில் 0.58 வோல்ட் வந்தது. மாற்றி வைத்ததும் எண் போய்விட்டது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஒரு பக்கம் விடுது, சரி. அப்புறம் ஏன் சார் 0 வரல? அந்த 0.58 எங்க போகுது?"

அம்மா, பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். மனப்பாடம் செய்கிற பையன் அதைக் கேட்க மாட்டான்.

உங்கள் கிணற்று மோட்டாரின் புட்வால்வை வைத்துத்தான் அவனுக்கு விளக்கினேன். தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. அது திறக்கவும் கொஞ்சம் உந்தல் வேண்டும். சிலிக்கான் டையோடுக்கு அந்த உந்தல் 0.6 முதல் 0.7 வோல்ட். ஆனால் டையோடுக்குள் அசைகிற மூடி எதுவும் இல்லை. ஒரு பக்கம் எலெக்ட்ரான்கள் மிகுதி, மறுபக்கம் அவை வந்து நிரம்பக்கூடிய துளைகள் மிகுதி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று நிரப்பிவிடுவதால், நகரும் மின்னூட்டமே இல்லாத ஒரு மெல்லிய பட்டை உண்டாகிறது. அடுத்து வருவதை அதுவே தடுக்கிறது. பேட்டரியைச் சரியான பக்கம் இணைத்தால் தடை தாழும், மாற்றி இணைத்தால் பட்டை அகலமாகும். தாண்டுவதற்குச் செலவான அந்த 0.58 வெப்பமாகப் போகிறது. 1 ஆம்பியர் ஓடும் டையோடைத் தொட்டால் விரல் சுடும்.

இதைத் தமிழில் கேட்டதும் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவனுக்கு பாலிடெக்னிக்கில் மொழியும் பாடமும் ஒரே நாளில் புதிதாக வந்திருக்கின்றன. இடறியது அங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூலின் இரண்டாம் தொகுதியில் குறைகடத்தி எலக்ட்ரானியல் பாடம் நல்ல தமிழில் இருக்கிறது. முதலில் அதைப் படிக்கட்டும், பிறகு கல்லூரிப் புத்தகத்துக்கு வரட்டும்.

கையிலும் வேலை வேண்டும். ஒரு 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 470 ஓம் ரெசிஸ்டர், ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் 4007. எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட். அதை 470 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர். அவற்றோடு ஒன்றன்பின் ஒன்றாக 4007-ஐயும் சேர்த்தால் எவ்வளவு குறையும் என்று முதலில் கணக்குப் போட்டு, பிறகு அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் நான்கு டையோடு வைத்த பிரிட்ஜ். சார்ஜருக்குள், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும் டிசியாக்குவது அதுதான். வீட்டு 230 வோல்ட்டில் மட்டும் தனியாகக் கை வைக்க விடாதீர்கள்.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் சோலார் பேனல், எல்.இ.டி. விளக்கு, மின் வாகன சார்ஜர் எல்லாவற்றிலும் இந்த ஒரு சந்திப்புதான் உள்ளே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு பழுது பார்க்கத் தெரிந்த பையனை நேர்முகத் தேர்வில் தனியாக அடையாளம் காணலாம். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேரும் வழியும் திறந்தே இருக்கிறது.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் மீட்டரைத் தொடவே அவனுக்கு மனம் வரவில்லை என்றால், பிரிவு மாற்றுவது பற்றி நானே உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். அடுத்த முறை வரும்போது அவன் அளந்து எழுதிய நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.