புது ஊர், கைக்குழந்தை, வரப்போகும் உறவினர்கள்: கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் 22 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். புது ஊரில் குடியேறிய கையோடு உறவினர்களையும் வரவேற்கப் போகும் இளம் பெற்றோரின் கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன். குழந்தையின் பாதுகாப்பு பற்றி எதை வேண்டுமானாலும் இங்கே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: குடிவந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. அடுத்த வாரம் மாமனார், மாமியார் வருகிறார்கள். ஒன்றரை வயது மகன் இருக்கிறான். முதலில் எதைச் செய்வது?

பதில்: பெட்டிகள் கிடக்கட்டும் அம்மா. உயரத்தில் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்றைத் தயார் செய்யுங்கள். அது பெரியவர்களின் மாத்திரைகளுக்கு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போடும் சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் ஒன்றரை வயதுக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கிழமை வாரியாகப் பிரித்து வைக்கும் டப்பாவை உங்கள் மகன் விளையாட்டாகவே திறந்துவிடுவான். வந்து இறங்கியதும் மாத்திரைப் பையைக் கேட்டு வாங்கி மேலே வைத்துவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் வெளியே போயிருக்கும்போது ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியவர் உங்கள் மாமியார். புது வீட்டின் முகவரி அவருக்கு எப்படித் தெரியும்? கதவு எண், தெரு, அடையாளம், உங்கள் இருவரின் எண்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இரவிலும் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை எது என்று விசாரித்து, பகலிலேயே ஒருமுறை போய் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உறவினர்களை எத்தனை நாள் தங்கச் சொல்லலாம்?

பதில்: அதை நீங்களும் உங்கள் கணவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஒன்பது மாத மகள், தாத்தா தூக்கினாலே அலறுகிறாள். என் அப்பா மனசு உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

பதில்: தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்துப் பார்க்கும் பருவம் இது. மூளை நன்றாக வளர்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் தூக்க முயலாமல் தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கட்டும். குழந்தை உங்கள் மடியிலிருந்து தானாக இறங்கி அவரிடம் போகும்.

கேள்வி: ஒரே படுக்கையறைதான். அதைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, மூன்று மாதக் குழந்தையோடு நாங்கள் ஹாலில், சோபாவில் படுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது, தம்பி. விருந்தாளிக்குக் கட்டிலை விட்டுக்கொடுப்பது நல்ல மனசுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் மனைவி சோபாவில் சாய்ந்து பால் கொடுப்பார், நாள் முழுக்க வேலை செய்த களைப்பில் அப்படியே தூங்கிவிடுவார். குழந்தை மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் நழுவிவிடும். மூச்சு முட்டினால் சத்தம்கூட வராது. குழந்தையோடு தூங்கக் கூடாத இடங்களில் சோபாதான் மிக மோசமானது. குழந்தையின் தொட்டில் எந்த அறையில் இருக்கிறதோ அங்கேயே நீங்களும் படுங்கள். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள். அந்த அறையைப் பெற்றோருக்குக் கொடுக்க முடியாது என்றால், கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஒரு பாட்டி): நான்கு பிள்ளைகளையும் பக்கத்தில் போட்டுத்தான் வளர்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்?

இதற்குப் பின் பத்துப் பேர் பாட்டிக்கு ஆதரவாகவும் எதிராகவும் எழுதிவிட்டார்கள். ஒருவர் அவரை 'பழைய காலத்து ஆள்' என்றும் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டி கேட்டது நியாயமான கேள்வி.

பதில்: அம்மா, நீங்கள் நன்றாகத்தான் வளர்த்தீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கு ஆகும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு காலத்தில் பல நாடுகளில் மருத்துவர்களே குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அது தவறு என்று தெரிந்து, மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரச்சாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் தொடங்கியது. தூக்கத்தில் திடீரென்று குழந்தைகள் இறப்பது பாதிக்கும் மேல் குறைந்தது. வளர்த்தவர்களின் அன்பில் அன்றும் குறையில்லை. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதால்தான் அவ்வளவு உயிர் பிழைத்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தூக்க மாத்திரை போடுகிறீர்களா? போடுகிறவர் குழந்தையின் பக்கத்தில் படுக்கவே வேண்டாம். புகைபிடிப்பவரும், மது அருந்தியவரும் அப்படித்தான்.

கேள்வி: அடுத்த மாதம் பிரசவம். குழந்தையைப் பார்க்க எல்லோரும் வருகிறார்கள். தடுப்பூசி கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?

பதில்: இப்போதே கேளுங்கள். கக்குவான் இருமலுக்கான முதல் தடுப்பூசியே குழந்தைக்கு ஆறு வாரத்துக்கு முன் போடப்படுவதில்லை. அதுவரை சுற்றியிருப்பவர்களும் ஒரு காப்பு. பெரியவர்கள் வருவதற்கு இரண்டு வாரமாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இருமல், சளி இருப்பவர் யாராக இருந்தாலும் இன்னொரு நாள் வரட்டும்.

கேள்வி: எத்தனை நாள் தங்கலாம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

பதில்: மறுபடியும் வருகிறது இந்தக் கேள்வி. எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. விட்டுவிடுங்கள்.

கேள்வி: விருந்தாளிகள் குழந்தைக்குப் பாட்டுப் பாடும் பொம்மை வாங்கி வருகிறார்கள். பரவாயில்லையா?

பதில்: பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுகியிருந்தால் சரி. பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காது கேட்கும் கருவியின் பேட்டரியும் பட்டன் பேட்டரிதான். தாத்தா பாட்டி வைத்திருப்பார்கள். அதையும் மாத்திரையோடு மேலே ஏற்றுங்கள்.

கேள்வி (அதே பாட்டி): தூக்க மாத்திரை போடுகிறேன். இனி தனியாகவே படுத்துக்கொள்கிறேன். மாத்திரைகள் ஜிப் போட்ட கைப்பையில்தான் இருக்கின்றன, போதுமா?

பதில்: போதாது அம்மா. ஜிப்பைத் திறக்க இரண்டு வயதுக்கே தெரியும். மகள் வீட்டில் போய் இறங்கியதும் பையை அவளிடம் கொடுத்துவிடுங்கள். காலை, இரவு நேரத்துக்கு அவள் எடுத்துத் தரட்டும்.