'சார்ஜ்' வரும் இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்?

கேள்வி: ஆங்கில அலுவலகக் கடிதங்களைத் தமிழாக்கும் பணியில் புதிதாகச் சேர்ந்துள்ளேன். ஓர் அலுவலர் மீதான சார்ஜஸ் கைவிடப்பட்டு, அவர் மீண்டும் சார்ஜ் எடுத்துக்கொண்டதாக வந்த வரியில், முதல் சொல்லைக் 'கட்டணங்கள்' என்று எழுதிவிட்டேன். எங்கே எதை எழுதுவது?

பதில்: அகராதியில் 'கட்டணம்' முன்னால் நிற்பதால் பலருக்கும் நேர்கிற பிழைதான் இது. இந்தச் சொல் வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சரக்கைக் குறிக்கும் 'கார்கோ'வும் அதே வேரில் பிறந்ததே. ஆகவே சார்ஜ் என்றால் அடிப்படையில் சுமை. தமிழிலும் பழியைச் 'சுமத்துகிறோம்', பதவியைப் 'பொறுப்பேற்கிறோம்', மின்கலத்தில் மின்சாரத்தை 'ஏற்றுகிறோம்' என்பதைக் கவனித்தால், யார்மீது எது ஏற்றப்படுகிறது என்ற ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பணம் ஏற்றப்பட்டால் கட்டணம். பதவி ஏற்றப்பட்டால் பொறுப்பு. ஒருவர் தம் பணியோடு வேறொரு பணியிடத்தையும் கவனித்தால் அது 'கூடுதல் பொறுப்பு'. காவலர் நடத்தும் லத்தி சார்ஜ் மட்டும் பாய்ந்து தாக்குதல் என்ற பொருளில் வருவதால், அதற்குத் தடியடி என்ற சொல்லே போதும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பழி ஏற்றப்படும் இடத்தில்தான். காவல் துறை புலனாய்வை முடித்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் சார்ஜ் ஷீட் 'குற்றப்பத்திரிகை'. அதன் பின் நீதிபதி சார்ஜ் ஃபிரேம் செய்வது, அதாவது எந்தக் குற்றச்சாட்டுகளின்மீது விசாரணை என்று முறைப்படி வரையறுப்பது, 'குற்றச்சாட்டு வனைதல்'. இரண்டையும் ஒன்றாக எழுதினால், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே மாறிவிடும். அலுவலகத்தில் வரும் சார்ஜ் மெமோ 'குற்றச்சாட்டுக் குறிப்பாணை'. தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கும், 17(பி) பெரும் தண்டனைக்கும் உரிய நடைமுறை என்பதால், மூலத்தில் உள்ள விதி எண்ணையும் அடைப்புக்குறி எழுத்தையும் தவறாமல் எழுதுங்கள். அந்த ஓர் எழுத்து மாறினால் ஒருவருடைய பதவி உயர்வு குறித்த கோப்பே திசைமாறக்கூடும்.

சொத்து ஆவணங்களில் வரும் சார்ஜும் கட்டணம் அன்று. ஒரு தொகையைத் திருப்பிச் செலுத்துவதற்குச் சொத்தையே பிணையாக்கும் இந்த ஏற்பாட்டை, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 100ஆம் பிரிவில் விளக்குகிறது. அங்கே 'சொத்தின் மீதான கடன்பொறுப்பு' என்று விரித்தெழுதுவதே நல்லது.

உங்கள் வரியை இப்படித் திருத்தலாம்: "தம் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டதைத் தொடர்ந்து, அலுவலர் மீண்டும் பொறுப்பேற்றுக்கொண்டார்."