சர்ரியலிச ஓவியம் ஒண்டும் விளங்குதில்ல, ஆரிட்ட இருந்து தொடங்கலாம்?

சர்ரியலிசமெண்டா கனவில வாற மாதிரி, புத்திக்குப் பிடிபடாததக் கீறுறது. சல்வடோர் டாலி எண்ட ஓவியர்ட உருகுற மணிக்கூட்டப் பாத்துத் தலை சுத்தினதெண்டு கேள்வியில எழுதியிருக்கீங்க, அப்ப டாலிய கொஞ்சம் அங்கால வெச்சிட்டு மக்ஸ் ஏர்ன்ஸ்ட் எண்ட ஜெர்மன்கார ஓவியரில தொடங்குங்க. இவர்ட வேலைய நாமளே வீட்டில செஞ்சு பாக்கலாம், அதான் காரணம்.

சின்னதில ஒரு ரூபாக் குத்திய கொப்பித் தாளுக்குக் கீழ வெச்சு பென்சிலால தேச்சிருப்பீங்கதானே, அதேதான். 1925 ஓகஸ்ட்ல பிரான்ஸ்ல போர்னிக் எண்ட கடக்கரை ஊர்ல ஒரு விடுதியில மழைக்குள்ள மாட்டிக்கிட்டாராம், கழுவிக் கழுவி வரியெல்லாம் ஆழமாப் போன பலகை நிலத்தையே பாத்துக்கிட்டு இருந்து, மறுகா தாள அதில கண்டபடி போட்டு பென்சில் கரியால தேச்சிருக்கார். அதுக்குள்ள காடு, கடல், பறவை, கண் எல்லாம் தெரிய ஆரம்பிச்சிட்டு. பேர் ஃபுரொத்தாஜ், தேய்க்கிறதுக்குப் பிரெஞ்சுச் சொல். அதில 34 படத்த அடுத்த வருசமே அச்சுத் தொகுப்பாப் போட்டாங்க. பிறகு ஈரப் பெயின்ற் பூசின கன்வஸுக்குக் கீழ சாமான வெச்சு சுரண்டியும் பாத்தார், அவர் கீறின காட்டுப் படங்கள் கனக்க அப்பிடி வந்ததுதான். (ஆள் ஓவியப் பள்ளிக்கூடம் போகேல்ல, ஜெர்மனியில பொன் எண்ட ஊர் யுனிவர்சிற்றியில தத்துவம் படிச்சவர்.)

நான் போன மாரியில களுவாஞ்சிக்குடியில கரண்டும் இல்லாம இருக்கக்குள்ள அம்மாட பன்பாயில தேச்சன். நடுவுல வெறும் கட்டம் கட்டமா மீன் வலை மாதிரி வந்திச்சு, பாய் மூலை பிய்ஞ்சு கிடந்த இடத்தில மட்டும் கோடெல்லாம் அறுந்து பல்லுப் பல்லா நிண்டிச்சு, நான் அலை எண்டு நினைச்சிட்டு இருக்கன், அம்மா எட்டிப் பாத்திட்டு "இதென்ன மனே, முதலை வாயா?" எண்டாங்க. அதுக்குப் பிறகு எனக்கு அலை தெரியவே இல்ல.

ஏர்ன்ஸ்ட்ட படங்களில ஒரு பறவை அடிக்கடி வரும், லொப்லொப் எண்டு பேர். சின்ன வயசில வளத்த காக்கட்டூ செத்த நேரத்திலதான் தங்கச்சி பிறந்தாவாம், அண்டையில இருந்து பறவையும் மனிசரும் குழம்பிப் போச்செண்டு அவரே சொன்னவர். 1939ல ஜெர்மன்காரன் எண்டு பிரான்ஸ்ல முகாமில அடைச்சாங்க, 1941ல அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். அந்தக் காலத்தில கீறின 'மழைக்குப் பிந்திய ஐரோப்பா'வ ஃபோன்ல பெருசாக்கிப் பாருங்க, ஊரெல்லாம் அரிச்சுப்போன பவளப் பாறை மாதிரிக் கிடக்கும், ஈரப் பெயின்ற் மேல தாளோ கண்ணாடியோ அமத்தி எடுக்கிறதால வாற தடம் அது.

தேச்சுப் பாக்கிறதெண்டா 4பி பென்சில் (கரி மெத்தெண்டு கறுப்பா இருக்கும்) வாங்குங்க, சாதாரண எச்பியில வரி மங்கலாத்தான் எழும்பும். தாளும் மெல்லிசா இருக்கோணும்.