படலை எந்தப் பக்கம்?

கேள்வி: யாரும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையைக் குடியிருப்பு வீதி என்று போட்டேன். யாரோ அதை 'சேர்விஸ் – ஆலி' என்று மாற்றிவிட்டார். அது ரோடு இல்லையா?
– வாசகி, பரந்தன்

பதில்: ரோடுதான், தங்கச்சி. மாற்றியவர் உங்கள் ஒழுங்கையைக் குறைத்துப் பேசவில்லை. அந்த வரைபடத்தில் ஆலி என்றால், வளவுகளுக்கு நடுவே ஓடி, பின்பக்கத்துக்குப் போக உதவுகிற ஒடுங்கிய பாதை. வீட்டு வாசல்கள் திறக்கிற வீதிதான் குடியிருப்பு வீதி.

நான் முதலில் பார்ப்பது அகலத்தை அல்ல, படலையை. தபால்காரர் எந்தப் பக்கம் நின்று மணி அடிக்கிறார்? கல்யாண வீட்டுக்கு வாழை கட்டுவது எந்தப் பக்கம்? ஒழுங்கைப் பக்கம் மாட்டுக்கொட்டிலும், சாம்பல் குவியலும், பிள்ளைகள் புகுந்து போகிற வேலிப் பொட்டும் மட்டும்தான் என்றால் அது ஆலி. ஆனால் ஒரு குச்சொழுங்கையை நம்பி நாலு வீட்டுப் படலை இருந்தால், எவ்வளவு ஒடுக்கமானாலும் நான் குடியிருப்பு வீதி என்றுதான் போடுவேன்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். கரடிப்போக்குப் பக்கம் ஒரு பின் ஒழுங்கையை வீதி என்று போட்டுவிட்டேன். போன் காட்டிய வழியை நம்பி, சீமெந்துக் கல் ஏற்றிய லொறி ஒன்று உள்ளே வந்து, முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் இறுகி நின்றது. ஓர் ஆச்சியின் வேலியில் மூன்று பூவரசங் கதியால் போயிற்று. நானே போய் நட்டுக் கொடுத்தேன். ஒன்று இன்னும் தளிர்க்கவில்லை, ஆச்சி அதை மறக்கவும் இல்லை.

அதனால் இப்போது அகலத்தையும் மீற்றரில் எழுதிவிடுவேன். ஓட்டோ ஒன்றே சுமார் 1.3 மீற்றர் அகலம், நாடா பிடித்துப் பாருங்கள். சைக்கிள் மட்டும் போனால் 'பாத்', வயலுக்கு உழவு இயந்திரம் போகிற வழி 'ட்ராக்'.

செய்மதிப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பி வந்த சனம் வேலிகளைப் புதிதாக அடைத்தது. படத்தில் ஒழுங்கை மாதிரித் தெரிவது இன்று யாரோ ஒருவரின் மரவள்ளிப் பாத்தியாக இருக்கும். நடந்து பார்த்துவிட்டு வரையுங்கள்.

உங்கள் ஒழுங்கைப் பக்கம் முன்படலை இருந்தால், அவர் செய்த மாற்றத்தின் கீழேயே கருத்து எழுதலாம். எத்தனை படலை என்று எண்ணிச் சொல்லுங்கள்.