லாவோஸ் மண்ணில் கிடக்கும் கணக்கு

கேள்வி: வியட்நாம் போரின்போது வட வியட்நாம் படையே லாவோஸுக்குள் இருந்ததே, அங்கே குண்டு போட்டதற்கு அமெரிக்காவை மட்டும் குறை சொல்லலாமா? (வாசகர், தேனி)

பதில்: படை இருந்தது உண்மை. ஆனால் 1964 முதல் 1973 வரை போரே அறிவிக்காமல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது அமெரிக்காதான். அதில் கொத்துக்குண்டுகள் (வானிலேயே திறந்து பல சிறு குண்டுகளைச் சிதறவிடுபவை) உதிர்த்த சிறு உருண்டைக் குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. ஏறக்குறைய 8 கோடி வெடிக்கவில்லை. டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். சுழன்று விழும்போதுதான் உள்ளிருக்கும் வெடிக்கவைக்கும் விசை தயாராகும். சேற்றில் புதைந்தோ கிளையில் சிக்கியோ நின்றுவிட்டால் அப்படியே கிடக்கும், பிறகொரு நாள் மண்வெட்டி படும்வரை. பந்தென்று எடுத்த பிள்ளைகளும் செத்திருக்கிறார்கள். இதை எந்தப் போர் நியாயமும் மூடாது. 2016-ல் ஒபாமா அங்கே போய், அகற்றும் பணிக்கு 9 கோடி டாலர் அறிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. 2023-ல் அமெரிக்காவிலிருந்து உக்ரைனுக்கும் கொத்துக்குண்டுகளே போயின.