கம்ப்ரெஸரை மாற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

கேள்வி: 2010-இல் தயாரான ஜெர்மன் சொகுசு காரை மூன்றாவது உரிமையாளராக வாங்கி ஓட்டிவருகிறேன். காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. சில மாதங்களாகக் காலையில் பார்த்தால் முன்பக்கத்தின் இடது மூலை தாழ்ந்திருக்கும். எஞ்சினை இயக்கியதும் மெல்ல எழும்பிவிடும். சென்ற வாரம் எழும்பவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில், பைகளுக்குக் காற்றேற்றும் கம்ப்ரெஸர் போய்விட்டது என்கிறார்கள். அதோடு நான்கு சக்கரங்களுக்கும் ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதி) மாற்றினால்தான் நிம்மதி என்று சொல்லி, காரின் இன்றைய விலையில் பாதியைக் கேட்கிறார்கள். சாதாரண ஸ்பிரிங்குக்கு மாறிவிடலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. இரவில் ஒரே மூலை தாழ்ந்து, காலையில் எழும்பியது என்றால், அப்போதெல்லாம் கம்ப்ரெஸர் ஒழுங்காகவே வேலை செய்திருக்கிறது. காற்று அந்த மூலையில் கசிந்துகொண்டிருந்தது. அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடிச் சூடேறித்தான் பெரும்பாலும் கம்ப்ரெஸர் கெடும். கசிவை விட்டுவிட்டுப் புதியதைப் பூட்டினால், அதுவும் சீக்கிரமே போய்விடும்.

இரும்புச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வண்டிகளில் காற்றடைத்த ரப்பர் பை இருக்கிறது. 1957-இல் காடிலாக் எல்டொராடோ புரோகமிலேயே வந்துவிட்ட ஏற்பாடுதான் இது. 1998-இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸுக்குப் பிறகு ஆடி க்யூ7, லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 என்று பல வண்டிகளில் பரவியது. மடிந்து மடிந்து விரியும் ரப்பர், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மடிப்பில் வெடிப்பது இயல்பு. நம் ஊர் வெயிலும் தூசியும் அதைத் தள்ளிப்போட உதவுவதில்லை.

சோதனையை மலிவான இடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் பேட்டரி, ஃபியூஸ், கம்ப்ரெஸருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே. பேட்டரி பலவீனமாக இருந்தாலே பல வண்டிகளில் கட்டுப்பாட்டுக் கருவி சஸ்பென்ஷனை நிறுத்திவைத்துவிடும். ரிலேயின் உள்முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடிக் கருகும். அதனால் கம்ப்ரெஸரை மாற்றுபவர்கள் ரிலேயையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவு அற்பம், ஆனால் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர். ‘கம்ப்ரெஸர் அதிகச் சூடு’ என்று அதில் வந்தால் அது விளைவைத்தான் சொல்கிறது. காரணத்தைச் சோப்புத் தண்ணீர் காட்டும். பையில் காற்றேற்றி, அதன் கீழ் மடிப்பிலும், மேலே குழாய் சேரும் இடத்திலும், ஒவ்வொரு பைக்கும் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக்கிலும் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில வெடிப்புகள் குறிப்பிட்ட உயரத்தில்தான் வாய்திறக்கும் என்பதால் ஒரே நிலையில் பார்த்து முடித்துவிடக் கூடாது. கம்ப்ரெஸர் ஓடாவிட்டாலும், குழாய் வழியே வெளியிலிருந்து காற்றேற்றி இதைச் செய்யலாம். எங்கும் குமிழி இல்லாமல் மூலை மட்டும் இறங்கினால், அந்தப் பைக்குப் போகும் குழாயைத் தனியே அடைத்து ஓர் இரவு விடச் சொல்லுங்கள். அப்போது இறங்காமல் நின்றால் கோளாறு பையில் இல்லை, வால்வ் பிளாக்கில் இருக்கிறது. இவ்வளவுக்கும் ஆகும் கூலி ஒரு ஸ்ட்ரட் விலையின் பக்கத்தில்கூட வராது. இதைச் செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். காற்றிறங்கிய பையின் மேல் ஓட்டினால், பிழைத்திருக்கும் பாகங்களும் நசுங்கும். பிளாட்பெட் வண்டியில் ஏற்றியே அனுப்புங்கள். காற்றை நம்பியோ ஜாக்கியை மட்டும் நம்பியோ யாரும் கீழே நுழையக் கூடாது. எந்த நொடியிலும் வண்டி இறங்கலாம்.

இடது பைதான் என்று உறுதியானால் அதை மாற்றுங்கள். வலப்பக்கத்திலும் அதே வயதுடைய பை இருப்பதால், கையில் பணம் இருந்தால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பின்பக்கத்தைச் சோதனை குறை சொல்லாதவரை தொடத் தேவையில்லை. கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கான்டிடெக், பில்ஸ்டீன், வாப்கோ போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். பழைய வண்டியில் கழற்றிய பை வேண்டவே வேண்டாம். அந்த ரப்பருக்கும் வயதாகியிருக்கும். கம்ப்ரெஸரும் போயிருந்தால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் உள்ளே போனால் வால்வுகள் அரிக்கும். புதிய ஸ்ட்ரட்டில் காற்றேற்றிய பிறகே வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். கடைசியில் ஸ்கேனர் வைத்து உயர அளவைச் சரிசெய்தே வண்டியைத் தர வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு மாறுவது இயலாததன்று. ஆனால் ஒரு மூலைக் கசிவுக்காக அதைச் செய்தால் சொகுசு குறையும், பாரத்துக்கேற்ப உயரம் சரியாவது போய்விடும், மறுவிற்பனையில் கேள்வி வரும். பை, கம்ப்ரெஸர், வால்வ் பிளாக் மூன்றுமே போயிருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் உங்கள் மாடலுக்கென்றே செய்த, எச்சரிக்கை விளக்கையும் மின்னணு டேம்பரையும் (அதிர்வை அடக்கும் பாகம்) கணக்கில் எடுத்த கிட் இருந்தால்தான்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்; கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்; பில்லில் பாக எண் இருக்கட்டும். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: இப்படிப்பட்ட பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: விற்பவர் எஞ்சினை இயக்கும் முன்பே, காலையில் போய் நில்லுங்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து, இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.